ஜன்னல் பச்சை

மார்கழி முடியப் போகிறது என்றால் எங்கள் பக்கத்து வீடுகளில் சாமிகள் சுவரைவிட்டுத் தரைக்கு இறங்கிவிடுவார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும், வெள்ளையடிக்கச் சுவர் காலியாக வேண்டும். ஆகவே வருஷம் முழுக்க உத்தரத்துக்குக் கீழே வரிசையாகச் சாய்ந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த முருகனும் லட்சுமியும் ஏழுமலையானும், அவர்களுக்கு இடப்பக்கம் காந்தியும் காமராஜரும், வலப்பக்கம் கல்யாணக் கோலத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்த அப்பாவும் அம்மாவும், முக்காலியில் ஏறிய தாத்தாவின் கையிலிருந்து ஒருவர்பின் ஒருவராக என் கைக்கு வந்து, திண்ணையில் விரித்த கோணியின்மேல் படுத்துக்கொள்வார்கள். நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி என்று பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் நடுவில் கிடக்கிற ஊர்களில் அந்த வாரம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணைதோறும் தெய்வங்கள் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்தக் காலத்துப் படங்கள் சுவரோடு ஒட்டி நின்றதில்லை. மேலே ஒரு கயிறு, கீழே தாங்குவதற்கு இரண்டு ஆணி, முன்பக்கமாக ஒரு சாய்வு. உயரத்தில் மாட்டிய படம் கீழே நிற்பவர் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும், வாசல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு முகத்தை மறைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் சிட்டுக்குருவிகள் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டன. சாய்ந்த படத்துக்கும் சுவருக்கும் நடுவில் உண்டாகும் முக்கோணப் பொந்து தங்களுக்கென்றே கட்டிக்கொடுத்தது என்று நினைத்து, வைக்கோலும் பஞ்சும் கொண்டுவந்து அடைத்து, லட்சுமிக்குப் பின்னால் ஒரு குடும்பம், காமராஜருக்குப் பின்னால் ஒரு குடும்பம் என்று நடத்தின. குஞ்சு பொரித்திருந்தால் அந்தப் படத்தை இறக்கக் கூடாது என்பது ஆயாவின் கட்டளை. அந்த ஒரு படத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிலும் வெள்ளையடித்த வருஷங்கள் உண்டு. இன்றைய படங்கள் சுவரோடு சுவராக, மட்டம் பார்த்து, ஒட்டுப்பட்டையில் நிற்கின்றன. நேராகத்தான் நிற்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் யாரும் குடியிருக்க முடியாது.

படம் ஒன்று சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்ததே நம் நாட்டில் அத்தனை பழைய கதை இல்லை. கண்ணாடிக்கல்லும் தங்க ரேக்கும் பதித்த தஞ்சாவூர்ப் படங்கள் வசதியுள்ளவர்கள் வீட்டில் கனத்த தேக்குச் சட்டத்துக்குள் இருந்தன. 1894இல் ரவிவர்மா மும்பையில் அச்சகம் தொடங்கி, கல்லச்சில் தெய்வங்களை வண்ணத்தில் எடுத்துத் தள்ளிய பிறகுதான் கோயிலுக்குள் போக முடியாதவர்கள் வீட்டுக்கும் சரஸ்வதி வந்து சேர்ந்தாள். பின்னால் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைய, சிவகாசி அச்சடிக்க, ஜவுளிக்கடையும் மளிகைக்கடையும் தை பிறந்தால் அதைக் காலண்டராகச் சும்மா கொடுக்க, படத்துக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று. படம் இலவசம், சட்டம்தான் செலவு. அதனால் சட்டம் வீட்டில் நிலையாக இருந்தது, படங்கள் அதற்குள் வந்து போய்க்கொண்டிருந்தன.

சட்டம் போட நாங்கள் போன இடம் கடைத்தெருவில் இருந்த ஒரு பாயின் கண்ணாடிக்கடை. ஆள் நீளத்துக்குத் தட்டையாக ஒரு மேஜை, அதன்மேல் விரித்த பழைய கம்பளி, வைர முனை வைத்த ஒரு வெட்டுக்கோல். கண்ணாடியின்மேல் அளவுகோலை வைத்து அவர் ஒரே இழுப்பாக இழுக்கும்போது வரும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். பிறகு மேஜை விளிம்புக்குக் கண்ணாடியைத் தள்ளி, கீழே விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான், கோடு போட்ட இடத்தில் அது சொன்னபடி கேட்டு இரண்டாகும். முருகனையும் மாதாவையும் மக்கா மசூதியையும் ஒரே கம்பளியின்மேல் கிடத்தி ஒரே பக்குவத்தோடு துடைப்பார். துடைத்த பிறகு கண்ணாடியைக் கவிழ்த்துப் போடுமுன் படத்தின் ஓரத்தில் தூசி இருக்கிறதா என்று தலையைச் சாய்த்து வாயால் மெல்ல ஊதுவார். அட்டை வைத்து, சின்ன ஆணிகளைப் பக்கவாட்டில் அடித்து, காக்கித்தாளை மைதாப் பசையால் ஒட்டி மூடுவார். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்திருக்கும், இராமபாணப் பூச்சி வராமலிருக்க. "புதுச்சட்டம் எதுக்குத் தம்பி, இது பலாமரம், உங்க தாத்தா காலத்துச் சரக்கு. உப்புத்தாள் போட்டு ஒரு கை பெயிண்ட் அடிச்சா உன் பேரன் காலத்துக்கும் வரும்" என்று சொல்லி, வருகிற வியாபாரத்தைத் தானே திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட வியாபாரியை நான் பிறகு பார்க்கவில்லை.

பலா எங்கள் பக்கத்து மரம். அறுத்தபோது மஞ்சளாக இருந்து, வருஷம் ஆக ஆகச் செம்பழுப்பாக மாறும் அந்தப் பலகையில்தான் எங்கள் வீட்டு ஜன்னல், பெட்டி, படச்சட்டம் எல்லாமே. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறி பண்ருட்டிப் பக்கத்துப் பலாத்தோப்புகளையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்துப் போட்டதற்குப் பிறகு, பழைய பலாப்பலகைச் சட்டம் ஒன்றைக் கையில் எடுத்தால் இப்போதெல்லாம் அதன் கனம் கூடிவிட்டது போலவே எனக்குப் படுகிறது.

இனி பெயிண்ட். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். படச்சட்டத்துக்கென்று பெயிண்ட் வாங்கிய வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. ஜன்னலுக்கு வாங்கிய பச்சை எனாமல், கதவுக்கு வாங்கிய சாக்லேட் நிறம், வண்டிச் சக்கரத்துக்கு வாங்கிய நீலம், இவற்றில் டப்பாவின் அடியில் ஏடு கட்டிக் கிடக்கும் மிச்சம்தான் படங்களின் பங்கு. ஆகையால் ஒரு வீட்டுச் சாமிப் படங்களைப் பார்த்தே அந்த வீட்டு ஜன்னல் என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். டப்பாவின் ஏட்டைக் குச்சியால் கிழித்து ஓரமாக ஒதுக்கி, கொஞ்சம் டர்பன்டைன் விட்டுக் கலக்கி, பழைய பனியன் துணியால் வடிகட்டும்போது வரும் வாசனையும், அரவை தொடங்கிவிட்ட எங்கள் நெல்லிக்குப்பத்து ஆலையிலிருந்து காற்றில் மிதந்துவரும் வெல்லப்பாகு வாசனையும் கலந்து ஒன்றாகும். பாரி கம்பெனியின் அந்த ஆலை 1842இல் தொடங்கியது, நாட்டின் மிகப் பழைய சர்க்கரை ஆலைகளில் ஒன்று. கரும்பு ஏற்றிய வண்டிகள் சாலையில் வரிசைகட்டி நிற்கும், வண்டிக்காரர் கண்ணயரும்போது ஒரு கழி எங்கள் கைக்கு வரும், ஒரு கையில் கரும்பும் ஒரு கையில் பிரஷ்ஷுமாகத் திண்ணையில் உட்கார்ந்து சட்டத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு, உலகத்தில் இதைவிட முக்கியமான உத்தியோகம் இருந்ததாகத் தோன்றவில்லை. டப்பாவின் மேல் நெற்றியில் முடி விழ, கையில் பிரஷ்ஷோடு நிற்கும் 'கட்டு' பையன், ஏஷியன் பெயிண்ட்ஸுக்காக 1954இல் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தவன், என்னைப் பார்த்துத்தான் வரையப்பட்டான் என்று நம்பியிருந்தேன்.

தாத்தா அவசரப்படவிடமாட்டார். முதலில் உப்புத்தாள், மரத்தின் ரேகை போகும் திசையில் மட்டும். பிறகு மூலை இணைப்பில் விட்டிருக்கும் இடைவெளிக்கு லப்பம். சுண்ணாம்புப் பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் உள்ளங்கையில் பிசைந்து அவரே செய்வார், சப்பாத்தி மாவுபோல் வந்ததும் கட்டைவிரலால் அழுத்தி வழித்துவிடுவார். அது காய ஒரு நாள். மறுபடி உப்புத்தாள். அப்புறம்தான் பிரஷ், அதுவும் நுனி மட்டும் நனையும்படி. உள்விளிம்பில் ஒரு மெல்லிய கோடு மட்டும் தங்க நிறம். தங்கப் பொடி என்று கடையில் சின்னக் காகிதப் பொட்டலத்தில் விற்ற பித்தளைப் பொடியை வார்னிஷில் குழைத்து, ஒற்றை மயிர்ப் பிரஷ்ஷால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார். பொங்கலன்று அது தங்கமாகத்தான் இருக்கும். அடுத்த மார்கழிக்குள் செம்பு கறுத்து லேசாகப் பச்சை பூக்கும். அதனால் என்ன, அடுத்த மார்கழியும் வரத்தானே போகிறது.

சட்டத்தைப் பிரித்தால் அதற்குள்ளே இன்னொரு வீடு இருக்கும். கண்ணாடி, படம், அதற்குப் பின்னால் முந்தைய படம், அதற்கும் பின்னால் அட்டைக்குப் பதிலாக யாரோ வைத்த ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு பழைய தினத்தந்தித் தாள், கரும்புப் பட்டுவாடா எழுதிய துண்டுச் சீட்டு. காமராஜரை எடுத்துத் துடைத்தபோது பின்னால் நேரு இருந்தார். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்த பிறகு சித்தப்பா கொண்டுவந்த படத்துக்குத் தனிச்சட்டம் வாங்கித்தர தாத்தா மறுத்துவிட்டதால், அண்ணாவும் ஒரு ராமர் பட்டாபிஷேகத்தின் சட்டத்துக்குள்ளேதான் வந்து உட்கார்ந்தார், ராமர் பின்னால் இருக்கத்தான் செய்தார். யாரையும் வெளியே போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அப்பாவுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்ததும் பாதிப் படங்கள் லாரி ஏறின. நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கி, 1961இல் முதல் நிலக்கரிப் படுகையைத் தொட்டு, மறு வருஷம் ரஷ்ய உதவியோடு அனல்மின் நிலையத்தை ஓடவிட்டிருந்த ஊர். நெல்லிக்குப்பத்துத் தெருவிலிருந்து போனவனுக்கு, ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி வேலி, ஒரே மாதிரி சுவர், எண்ணிட்ட வட்டங்கள், எல்லாம் அளந்து வைத்ததாகத் தெரிந்தன. வெள்ளையடிக்கவும் ஆள் வந்துவிடும், நாம் மட்டையைத் தொட வேண்டாம். ஆனால் படச்சட்டத்தை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, அது நம் பொறுப்பிலேயே இருந்தது. ஆகவே ஒரே மாதிரி வீடுகளுக்கு நடுவில் நம் வீடு எது என்று அடையாளம் காட்டியது வாசலிலிருந்து தெரியும் அந்தப் பச்சைச் சட்டங்கள்தான். பக்கத்து வீட்டில் மலையாளிகள், எதிரில் தெலுங்கர்கள், அவரவர் சுவரில் அவரவர் சாமி. 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழப்பான தாளிலிருந்து நான் கத்தரித்தெடுத்த யூரி ககாரினின் படத்துக்கு, நெல்லிக்குப்பத்திலிருந்து கொண்டுவந்த ஒரு காலிச் சட்டத்தைக் கொடுத்தார் அப்பா. விண்வெளிக்குப் போய்த் திரும்பிய அந்தச் சிரித்த முகம், ஜன்னல் பச்சையும் பித்தளைத் தங்கமுமாகப் பழனியாண்டவருக்கு அடுத்து நின்றது. ஷிப்ட் முடிந்து வரும் அப்பா இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார்.

கண்ணாடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நெல்லிக்குப்பத்து வீட்டில் கூடத்துத் தூணில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. அதைச் சுற்றியும் அதே பலாச் சட்டம். அப்பா சவரம் செய்துகொண்டதும் அக்காக்கள் தலைவாரிக்கொண்டதும் அதில்தான். அவர்கள் இரவில் எடுத்து ஒட்டிய பொட்டுகள் கண்ணாடியின் ஓரம் முழுக்கப் பூத்திருக்கும், சட்டத்துக்கு வண்ணம் அடிக்கிறவன் அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து போக வேண்டும். படங்களுக்கு முன்னால் கண்ணாடிச் சட்டத்துக்குத்தான் முதல் பூச்சு என்பாள் ஆயா. நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் வடலூரில், வள்ளலார் 1872இல் திறந்த சத்திய ஞான சபையில், தைப்பூசத்தன்று ஏழு திரை விலகிக் கண்ணாடிக்குள் சோதி தெரிவதைக் கூட்டத்தில் நெருக்குண்டு நின்று பார்த்து வந்தவள் அவள். வள்ளலார் சிறுபிள்ளையாக இருந்தபோது சுவர்க்கண்ணாடிக்கு முன் உட்கார்ந்துதான் தணிகை முருகனைக் கண்டார் என்பதையும் கதையாகச் சொல்வாள். அப்பேர்ப்பட்ட பொருளை ரசம் போய்விட்டது என்று தூக்கிப்போடுவதா?

ரசம் ஓரத்திலிருந்துதான் போகும். முன்பெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த பூச்சு, 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் வெள்ளியைப் படியவைக்கும் வழியைக் கண்ட பிறகு வெள்ளிப் பூச்சு. சட்டத்தின் பள்ளத்தில் தங்கும் ஈரம் விளிம்பு வழியாக ஏறி வெள்ளியைக் கறுக்கவைக்கும். அதனால்தான் தாத்தா சட்டத்துக்கு அடித்த கையோடு கண்ணாடியைக் கழற்றி அதன் முதுகு விளிம்பிலும் நான்கு பக்கமும் எனாமலை ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். வேதியியல் படிக்காதவர், ஆனால் அந்தக் கண்ணாடி இன்றும் நடுவில் முகம் காட்டுகிறது.

இதெல்லாம் எப்போது நின்றது என்று நாள் குறிக்க முடியவில்லை. லேமினேஷன் வந்தது, படத்தை மரத்தூள் அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள், கண்ணாடியும் வேண்டாம் சட்டமும் வேண்டாம் என்றானது. பித்தளைப் பொடி வேலைக்கு ஆளில்லாமல், தங்கம்போல் மின்னும் ஃபைபர் சட்டங்கள் நீளநீளக் கழிகளாகக் கடைக்கு வந்து இறங்கின. அவை கறுக்காது, பூசவும் ஒன்றுமில்லை. டிஸ்டம்பர் அடித்த சுவருக்கு வருஷா வருஷம் வெள்ளையடிக்க வேண்டியதில்லை, ஆகவே சாமிகள் இறங்க வேண்டியதுமில்லை. போட்டோக்கள் எல்லாம் போனுக்குள் போய்விட்டன. பழைய சட்டங்கள் பரணில் ஏறின. சௌகரியம் கூடிற்று, சந்தேகமில்லை. சுண்ணாம்பு தெறித்துக் கண் எரிந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வீட்டில் எல்லார் முகத்தையும் கையில் ஏந்திப் பார்க்கிற வாய்ப்பு அதோடு போயிற்று. தாத்தாவின் அப்பாவுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு என்பது படத்தைத் துடைத்ததால் எனக்குத் தெரியும். என் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இப்போது காற்று வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளின் வாசலில் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குச் சட்டங்கள் அடுக்கடுக்காகச் சாய்ந்து கிடக்கின்றன, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் போட்டு வந்து வாங்குகிறார்கள். வாங்கிக்கொண்டுபோய், ஆக்ஸ்ஃபோர்டில் ஆனி ஸ்லோன் என்ற பெண்மணி 1990இல் உண்டாக்கிய சாக் பெயிண்டை அடிக்கிறார்கள். பளபளப்பில்லாமல், சுண்ணாம்பு அடித்தது மாதிரியே காயும், உப்புத்தாள் வேலையும் பிரைமரும் பெரும்பாலும் வேண்டாம், மேலே கொஞ்சம் மெழுகு. அடித்துக் காய்ந்ததும் மூலைகளை மட்டும் தேய்த்து, பழசாகிப் பெயர்ந்த மாதிரி தோற்றம் வரவழைக்கிறார்கள். நாங்கள் பழசு தெரியக் கூடாது என்று அடித்தோம், இவர்கள் பழசு தெரிய வேண்டும் என்று அடிக்கிறார்கள். இரண்டு பேர் கையிலும் இருப்பது அதே பிரஷ். எனக்கு இதில் சந்தோஷம்தான், எதற்காகவாவது அந்தச் சட்டங்களைக் கையில் எடுக்கிறார்களே.

சென்னையில் படிக்கிற என் பேத்தி போன விடுமுறைக்கு வந்தபோது பரணிலிருந்து கூடத்துக் கண்ணாடியை இறக்கினாள். "தாத்தா, இதை டிஸ்ட்ரெஸ் பண்ணலாமா?" என்றாள். அதைச் செய்வதற்கு நாம் ஒன்றும் மெனக்கெட வேண்டாம், அது அறுபது வருஷமாகத் தன்னால் ஆகியிருக்கிறது என்றேன். ஆனால் உலர் உப்புத்தாளை எடுக்கவிடவில்லை. பழைய எனாமலில், அதுவும் மஞ்சளிலும் பச்சையிலும், ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று நம் நாட்டில் 2016இல்தான் விதி வந்தது, அடுத்த வருஷம் நவம்பரிலிருந்துதான் அமலுக்கு வந்தது. தூசி பறந்தால் மூச்சோடு போகும், குழந்தை இருக்கும் வீட்டில் அறவே கூடாது. நீர் உப்புத்தாளை நனைத்து, முகத்தைத் துணியால் மூடி, ஒரு மூலையை மட்டும் தேய்த்தோம். வழித்த குழம்பைத் துணியில் ஒற்றிப் பையில் கட்டினோம். தேய்த்த இடத்தில், நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்றால் மண் அடுக்கடுக்காகத் தெரிகிற மாதிரி, மேலே கிரீம், அதன்கீழ் சாக்லேட், அதன்கீழ் வண்டி நீலம், அதற்கும் கீழே ஜன்னல் பச்சை, கடைசியில் பலாவின் செம்பழுப்பு.

அவளுக்கு அந்தப் பச்சைதான் வேண்டும் என்றாகிவிட்டது. கடையில் கொடுத்த நிற அட்டையை விரித்தால் பச்சையே ஏராளம், ஒன்றும் அது இல்லை. கடலூரில் பெயிண்ட் கடைக்காரர், பெயர்ந்த சில்லு ஒன்று கொடுங்கள் என்றார். நகக்கண் அளவு சில்லை ஒரு சின்னக் கருவியின் கண்ணில் வைத்தார், அது வெளிச்சம் அடித்துப் படித்து எண்களாகச் சொன்னது, பக்கத்திலிருந்த இயந்திரம் வெள்ளை டப்பாவுக்குள் இரண்டு மூன்று துளி நிறம் விட்டு உலுக்கியது. மூடியைத் திறந்தார். தாத்தாவின் ஜன்னல் அப்படியே உள்ளே கிடந்தது. இந்த வித்தை அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்திருந்தால் ஊரே விழாக் கொண்டாடியிருக்கும்.

"எவ்வளவு வேணும்?" என்றார்.

"ஒரு கண்ணாடிச் சட்டத்துக்கு அண்ணே, ஒரு டம்ளர் போதும்" என்றாள் பேத்தி.

"ஒரு லிட்டருக்குக் கம்மியா கலக்க முடியாதும்மா."

சட்டத்துக்குக் கால் டப்பாகூடச் செலவாகவில்லை. மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் கேட்டபோது தெருப்பக்கத்து ஜன்னலைக் காட்டினேன். கம்பிகளுக்கு நான், கதவுக்கு அவள் என்று இப்போது பங்கு பிரித்திருக்கிறோம். பொங்கல் லீவில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், டப்பாவில் அதற்குள் ஏடு கட்டியிருக்கும், வடிகட்ட ஒரு பழைய பனியனை எடுத்துவைத்திருக்கிறேன்.